7 கிலோ, 8 நாள், ஒரே பை: துணி எடுத்து வைக்கும் கணக்கு

எங்கள் வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்பினால் பீரோ இரண்டு நாளைக்குத் திறந்தே கிடக்கும். அம்மா பக்கத்தில் நின்று "கண்ணு, எதுக்கும் ஒண்ணுக்கு ரெண்டா வெச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பையில் பாதி எடை அந்த "எதுக்கும்" தான். எதுக்கும் ஒரு ஸ்வெட்டர், எதுக்கும் ஒரு போர்வை, எதுக்கும் ஒரு பட்டு வேட்டி. அப்படிக் கிளம்பிப் போய் ஒருமுறை விமான நிலையத்தில் என் கைப்பை 9 கிலோ 400 கிராம் காட்டியது. கவுன்டரில் இருந்த பெண் ஒன்றும் பேசவில்லை, தராசைக் கைகாட்டினார், அவ்வளவுதான். நான் வரிசைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்து, சட்டைக்கு மேல் சட்டையாக மூன்று போட்டு, அதற்கு மேல் ஜெர்கினையும் மாட்டி, அதன் பாக்கெட்டுகளில் சாக்ஸும் பனியனும் திணித்துக்கொண்டு, மே மாதத்தில் வேர்த்து விறுவிறுத்துப் போய் சீட்டில் உட்கார்ந்தேன். இத்தனைக்கும் நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனியில் வேலை. துணி என்ன எடை வரும் என்பதைத்தான் காலையிலிருந்து ராத்திரி வரை பேசிக்கொண்டிருப்பேன். சொந்தப் பைக்கு மட்டும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

அதற்கு அப்புறம் போட்டேன். போன டிசம்பரில் நானும் மனைவியும் கோயம்புத்தூரிலிருந்து டெல்லி, அங்கிருந்து ஆக்ரா, அப்புறம் காசி என்று 8 நாள் சுற்றிவிட்டு வந்தோம். ஆளுக்கு ஒரு பை, போகும்போது இரண்டுமே 6 கிலோவுக்குள். இந்தப் பயணத்தை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் குளிர்காலத்தில் வடக்கே போவதுதான் நம் ஊர்க்காரர்களுக்குத் துணி விஷயத்தில் கஷ்டமான பயணம். இது கைவந்துவிட்டால் மூணாறு, மைசூரெல்லாம் ஒரு தோள்பையில் முடிந்துவிடும்.

முதலில் ஒன்று. "எத்தனை நாள் பயணம்?" என்று கேட்டுத்தான் எல்லோரும் துணி எண்ணுகிறார்கள். 8 நாளா, அப்போ 8 சட்டை, எதுக்கும் இன்னும் 2. நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: ராத்திரி 9 மணிக்குத் துவைத்துப் போட்டால் இந்தத் துணி காலை 6 மணிக்குக் காயுமா? காயும் என்றால் 8 நாளுக்கும் 3 போதும், 20 நாளுக்கும் அதே 3 போதும். காயாது என்றால் அந்தத் துணியே வேண்டாம். மடிப்பது, சுருட்டுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். எடையைக் குறைப்பது மடிப்பு இல்லை.

டிக்கெட்டோடு 15 கிலோ செக்-இன், அதாவது கவுன்டரில் கொடுத்து அனுப்பும் சாமான், சும்மா கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று என் மச்சான் கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் காசியில் கோதோலியா முக்கைத் தாண்டிக் கோயில் பக்கமும் படித்துறைப் பக்கமும் போகும் சந்துகளில் ஆட்டோ வராது. கல் பாவிய குறுகலான சந்து, எதிரில் மாடு, பக்கவாட்டில் பைக், நடுவில் சாணி. அதில் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். அனுமன் காட், கேதார் காட் (காட் என்றால் படித்துறை) பக்கம் நம் ஊர்க்காரர்கள் தங்குகிற சத்திரங்களும் மடங்களும் நிறைய. ஆனால் படியும் சந்துமாகத்தான் போய்ச் சேர வேண்டும். அங்கே முதுகில் தொங்கும் பைதான் லாயக்கு.

பையை முதலில் தராசில் வையுங்கள், காலியாக. இதை யாரும் செய்வதில்லை. கேபினுக்கு என்று விற்கும் சக்கரப் பெட்டிகள் பலவும் காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ. உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் கைப்பைக்கு 7 கிலோதான், அதில் மூன்று கிலோவைப் பெட்டியே தின்றுவிட்டால் நீங்கள் எதைக் கொண்டு போவீர்கள்? என்னுடையது 35 லிட்டர் முதுகுப்பை, சரியாக 1 கிலோ. அளவு 55, 35, 25 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், அதுதான் இங்கே பொதுவாகக் கேட்கிற அளவு. எடை பார்க்கக் கொக்கியில் தொங்கவிடும் சின்னத் தராசு கடைகளில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் ஆள் நின்று எடை பார்க்கும் மெஷினில் பையோடு ஒரு தடவை, பை இல்லாமல் ஒரு தடவை ஏறி இறங்குங்கள், கழித்தால் கணக்கு வந்துவிடும். துணிகளை ஒவ்வொன்றாக எடை போட சமையலறைத் தராசு போதும். நான் மைதா எடை போடுகிற தராசில் ஜட்டியை வைத்ததற்கு வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேச்சு வாங்கினேன், அது தனிக்கதை.

சரி, துணிக்கு வருவோம். எங்கள் தொழிலில் துணியை ஜிஎஸ்எம் வைத்துப் பேசுவோம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட் 160, 180 ஜிஎஸ்எம்மில் வரும். மீடியம் சைஸுக்கு ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கீழேதான் துணி போகும், அதனால் ஒரு டி-ஷர்ட் கிட்டத்தட்ட 150 கிராம். காலர் வைத்தது 220 ஜிஎஸ்எம் போனால் 200 கிராமைத் தாண்டும். தொப்பி வைத்த ஹூடி 300 ஜிஎஸ்எம்முக்கு மேல், உள்ளே பஞ்சு மாதிரி உரசிவிட்ட துணி, ஒன்றே அரைக் கிலோவுக்கு மேல் வரும். ஜீன்ஸ் இன்னும் மோசம். கனமான டெனிம் 400 ஜிஎஸ்எம்மைத் தாண்டும், ஒரு பேன்ட் 700 கிராம், நனைந்தால் தூக்கவே முடியாது, டெல்லிக் குளிரில் இரண்டு நாள் ஆனாலும் இடுப்புப் பட்டையும் பாக்கெட்டும் காயாது. ஜீன்ஸ் போட்டே ஆக வேண்டும் என்றால் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், பைக்குள் வேண்டாம்.

காயும் விஷயத்தில் பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நன்றாகக் காய்ந்த 100 கிராம் பருத்தியைச் சும்மா அறையில் வைத்தாலே காற்றிலிருந்து எட்டு கிராமுக்கு மேல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. கம்பளி 16 கிராம் வரை போகும். பருத்தி இழைக்குள்ளேயே தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும், பாலியஸ்டரில் இழைகளுக்கு நடுவில்தான் நிற்கும், பிழிந்தால் போய்விடும். அதனால்தான் உங்கள் பையன் விளையாடப் போடும் ஜெர்சி மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, உங்கள் பனியன் கழுத்துப் பட்டையில் மறுநாளும் ஈரமாகவே இருக்கிறது.

உடனே எல்லாம் பாலியஸ்டரில் வாங்கிவிடாதீர்கள். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு, வியர்வை நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்தி இரண்டாம் நாள் வரை மரியாதையாக இருக்கும் இடத்தில் பாலியஸ்டர் முதல் நாள் மாலையே காட்டிக்கொடுத்துவிடும். நான் கண்ட வழி, இரண்டும் கலந்த துணி. லேபிளைத் திருப்பிப் பாருங்கள், 60க்கு 40 என்றோ பாதிக்குப் பாதி என்றோ போட்டிருக்கும். அதையும் 160 ஜிஎஸ்எம்முக்கு மேல் போகாமல் வாங்குங்கள். கடையில் ஜிஎஸ்எம் சொல்ல மாட்டார்கள், கவலை வேண்டாம், ஒற்றை மடிப்பில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளங்கை நிழலாகத் தெரிந்தால் மெல்லிசு. ஊரில் சும்மா இருக்கும்போது ஒரு தடவை ராத்திரி துவைத்து வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் போட்டுப் பாருங்கள். காலையில் அக்குளும் கழுத்துப் பட்டையும் காய்ந்திருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கையில் பார்த்தால் குளிர்ச்சிக்கும் ஈரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. தேறியது பைக்குள், தேறாதது பீரோவுக்குள்.

இடத்துக்குத் தக்கபடி இந்தக் கணக்கு மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். லடாக் மாதிரி வறண்ட இடத்தில் பருத்தியே சீக்கிரம் காயும். ஜூன், ஜூலையில் கேரளத்துக்குப் போனால் பாலியஸ்டர்கூட ஈரவாடை அடிக்கும். காசியில் டிசம்பர் கடைசி, ஜனவரி மாதங்களில் மூடுபனி இறங்கினால் சூரியன் எட்டிப் பார்க்கவே பத்து, பதினொன்று ஆகிவிடும், சில நாள் பார்ப்பதும் இல்லை. ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். அதனால் அந்தப் பக்கம் போகும்போது மட்டும் என் கணக்கில் உள்ளாடை ஒரு செட் கூடுதல். இதை "எதுக்கும்" என்று சேர்க்கவில்லை, மூடுபனிக்காகச் சேர்த்தேன், இரண்டும் வேறு.

குளிர் நாட்டில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது, அதை நம் ஆட்கள் பயன்படுத்திக்கொள்வதில்லை. அங்கே வேர்க்காது. உடம்பை ஒட்டி இருக்கும் துணி மட்டும்தான் அழுக்காகும், அதற்கு மேலே போடும் சட்டையை மூன்று நாள் போட்டாலும் யாருக்கும் தெரியாது. ஆகவே தினமும் துவைப்பது உள்ளே போடும் மெல்லிய பனியனை மட்டும். ஒரே தடியான ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லிசாக மூன்று அடுக்கு போடுங்கள்: உள்ளே தெர்மல் என்கிற குளிர்கால உள்ளாடை, மேலே டி-ஷர்ட், அதற்கு மேல் ஜெர்கின். டெல்லியில் டிசம்பர் விடியற்காலை 8, 9 டிகிரிக்கு இறங்கும், மதியம் வெயிலில் 20ஐத் தாண்டும். ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் நம்பினால் காலையில் நடுங்கி மதியம் அதைக் கையில் சுமப்பீர்கள். அடுக்காக இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வரலாம். அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் 750 கிராம், கண்ணில் தண்ணீர் வராத குறையாக வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எப்படியோ மனைவியின் பைக்குள் போய்விட்டது தெரிந்ததே டெல்லியில்தான்.

என் பைக்குள் போனது

உடம்பில் போட்டுக்கொண்டு கிளம்பியவை கணக்கில் வராது: கறுப்பு பேன்ட், முழுக்கைச் சட்டை, ஜெர்கின், ஷூ. இருப்பதிலேயே கனமானவை எவையோ அவை எப்போதும் உடம்பில். கோயம்புத்தூரில் ஜெர்கினைக் கையில் மடித்து வைத்துக்கொண்டால் போதும். ஷூ ஒரு ஜோடி முக்கால் கிலோவுக்கு மேல் வரும், இரண்டாவது ஷூ என்ற பேச்சே எடுக்காதீர்கள். பைக்குள் ரப்பர் செருப்பு ஒன்று, 300 கிராம். கோயிலுக்கும் படித்துறைக்கும் அதுதான்.

பைக்குள்: ரவுண்ட் நெக் 2, காலர் டி-ஷர்ட் 1, மெல்லிய முழுக்கைச் சட்டை 1, சேர்த்து 720 கிராம். நேவி நிறத்தில் மெல்லிய பேன்ட் 350, ராத்திரிக்கு டிராக் பேன்ட் 250. தெர்மல் ஒரு செட் 350. ஜட்டி 4, கையில்லாத பனியன் 2, இரண்டும் சேர்ந்து 400. சாக்ஸ் 3 ஜோடி 120. நான்கு முழ வேட்டி 200. ஈரிழைத் துண்டு 2, சேர்த்து 240. மங்கி கேப்பும் மஃப்ளரும் 150. கூட்டிப் பாருங்கள், 2 கிலோ 780 கிராம். பை 1 கிலோ, செருப்பு 300, சோப்பு பிரஷ் வகையறா 500, சார்ஜரும் பவர் பேங்கும் 450, மாத்திரை, கண்ணாடி, சில்லறைச் சாமான் 250. எல்லாம் சேர்ந்து 5 கிலோ 280. மீதி இடத்தை வேண்டுமென்றே விட்டேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

துண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டர்க்கி டவல் அரைக் கிலோ, நனைந்தால் ஒரு கிலோவுக்கு மேல், காய ஒரு நாள். ஈரிழைத் துண்டு 120 கிராம், தலை துவட்டிப் பிழிந்து உதறிப் போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும், நனைய நனையத்தான் நன்றாகத் தண்ணீரை இழுக்கும். வெளிநாட்டுக்காரர்கள் பயணத்துக்கென்றே மைக்ரோஃபைபர் டவல் என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள், நமக்கு அது சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அதே போலத்தான் நான்கு முழ வேட்டியும். கங்கையில் முங்கி எழ, ஈரத்தோடு துணி மாற்ற, கோயிலுக்கு, ராத்திரி கட்டிக்கொண்டு தூங்க, ரயிலில் போர்த்திக்கொள்ள, சட்டைகளைச் சுற்றிக் கட்டிவைக்க. எட்டு முழம் அழகுதான், ஆனால் எடையும் காயும் நேரமும் இரண்டு மடங்கு.

நிறம். கீழே போடுவது எல்லாம் கறுப்பு, நேவி, சாம்பல் என்று இருண்ட நிறமாக இருந்தால் மேலே எதைப் போட்டாலும் பொருந்தும். இரண்டு பேன்ட், நான்கு மேல்சட்டை, எட்டு விதமாகப் போடலாம். ஒரே ஒரு பேன்டுக்கு மட்டும் பொருந்தும் சட்டை என்றால் அது எவ்வளவு பிடித்த சட்டையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். புதுத்துணியையும் எடுக்காதீர்கள், முக்கியமாக அடர் சிவப்பு, கருநீலம். முதல் அலசலில் சாயம் விட்டால் ஓட்டல் வாளியில் உங்கள் மொத்தப் பயணமும் ஒரே நிறமாகிவிடும். சாயத்தைப் பற்றித் திருப்பூர்க்காரன் சொல்கிறேன், கேளுங்கள்.

பெண்களுக்கு

இந்தப் பகுதி மனைவி சொல்லச் சொல்ல எழுதியது. "ஏனுங்க, உங்களுக்கு என்ன, நாலு பனியனோட முடிஞ்சுது" என்று ஆரம்பித்தார், அது உண்மைதான். சேலை ஒன்று, அதற்கு உள்பாவாடை, பொருத்தமான ஜாக்கெட் என்று ஒவ்வொன்றும் மூன்றாகப் பெருகும். அவர் எடுத்தது ஒரே ஒரு பூனம் சேலை, கோயிலுக்கு. 300 கிராம்தான் இருக்கும், கசங்காது, அலசிப் போட்டால் பொழுதுக்குள் காயும். பட்டு என்றால் முக்கால் கிலோவாவது வரும், துவைக்கவும் முடியாது. மற்ற நாளெல்லாம் குர்த்தி மூன்று, இருண்ட நிற லெக்கின்ஸ் இரண்டு, ஒரு பேன்ட். குர்த்தியில் பொடிப் பொடியாகப் பூப்போட்டது எடுத்தால் கசங்கலும் தெரியாது, சாம்பார் தெறித்ததும் தெரியாது. வெறும் வெள்ளை, இளம் மஞ்சள் வேண்டாம்.

உள்பாவாடையையும் லெக்கின்ஸையும் ஒன்றாக்கிவிட்டார், அதாவது சேலைக்குள்ளும் லெக்கின்ஸ் போட்டு, இடுப்பில் ஒரு நாடா கட்டிக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டார், குளிருக்கும் அடக்கம். நைட்டிக்குப் பதில் டிராக் பேன்டும் டி-ஷர்ட்டும், அதுவே ரயிலிலும் ஆகும். துப்பட்டா இரண்டு, அதில் ஒன்று கம்பளி கலந்தது. பேர் துப்பட்டாதான், வேலை போர்வை, தலைக்கு முக்காடு, தலையணை உறை, அறைக் கதவில் தாழ்ப்பாள் சரியில்லாத இடத்தில் திரை. உள்ளாடையில் கம்பியும் பஞ்சும் வைத்தது காயாது, மெல்லியதாகப் பார்த்து எடுங்கள் என்பது அவர் சொன்னது. மாதவிலக்கு நாள் வரும் என்று தெரிந்தால் ஒரு செட் இருண்ட பேன்ட் கூடுதல், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மடிப்பதா, சுருட்டுவதா

இதற்குப் பெரிய சண்டையே நடக்கிறது. சுருட்டினால் எடை ஒரு கிராம்கூடக் குறையாது, இடமும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மிச்சமாகாது. ஆனால் ஒன்றைக் கலைக்காமல் இன்னொன்றை உருவலாம், மடிப்புக் கோடு விழாது. பின்னல் துணி, அதாவது டி-ஷர்ட், பனியன், லெக்கின்ஸ், தெர்மல், இவற்றைச் சுருட்டுங்கள். நெய்த துணி, அதாவது சட்டை, பேன்ட், சேலை, இவற்றைச் சுருட்டினால் கோடு கோடாகக் கசங்கும். மடியுங்கள்.

சுருட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. டி-ஷர்ட்டை மேசையில் விரித்துக் கையால் நீவிவிடுங்கள். அடிப்பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்கு வெளிப்புறமாக மேலே மடித்துவிடுங்கள், சுற்றிலும். இப்போது அடியில் ஒரு பை மாதிரி இருக்கும். இரண்டு பக்கத்தையும் கையோடு சேர்த்து நடுவுக்கு மடித்து, ஒரு சாண் அகலப் பட்டையாக்குங்கள். கழுத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே அடிக்கு வாருங்கள். கடைசியில் அந்த மடித்த பையை விரித்து உருளைக்கு மேல் கவிழ்த்துவிட்டால் பூட்டிக்கொள்ளும், தூக்கி எறிந்தாலும் பிரியாது. பட்டாளத்துக்காரர்கள் மூட்டை கட்டும் முறை இது. அந்த நாளுக்கான ஜட்டி, பனியன், சாக்ஸ் மூன்றையும் உள்ளே வைத்தே சுருட்டிவிட்டால் காலையில் ஒரு உருளையை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகலாம், இருட்டில் துழாவி அறையில் இருப்பவர்களை எழுப்ப வேண்டாம்.

சட்டைக்கு நான் செய்வது வேறு. வேட்டியைக் கட்டிலில் விரித்து, அதன் மேல் சட்டை, அதன் மேல் எதிர்ப்பக்கமாகப் பேன்ட், அதன் மேல் சேலை என்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நடுவில் சுருட்டின உள்ளாடைகளைத் திண்டு மாதிரி வைத்து, கடைசியில் வைத்ததிலிருந்து ஒவ்வொன்றாக அந்தத் திண்டைச் சுற்றிப் போர்த்திக்கொண்டே வர வேண்டும், வேட்டி கடைசிப் போர்வை. எங்கேயும் கூர்மையான மடிப்பு இல்லாததால் இஸ்திரி அப்படியே இருக்கும். குறை என்னவென்றால் ஒரு சட்டை வேண்டுமென்றால் மூட்டையையே பிரிக்க வேண்டும். ஒரே இடத்தில் மூன்று நாள் தங்குவதற்கு இது சரி, தினம் ஓர் ஊர் என்றால் வேண்டாம்.

காற்றை உறிஞ்சிச் சப்பையாக்கும் பிளாஸ்டிக் பைகளை நம்பி ஏமாறாதீர்கள். இடம் குறையும், எடை அப்படியே. இடம் கிடைத்த சந்தோஷத்தில் இன்னும் நாலு துணி திணிப்பீர்கள், தராசு சிரிக்கும். ஜெர்கின் மாதிரி உப்பலான ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பதில் மஞ்சப்பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அழுக்குத் துணிக்கு. இன்னொன்று பகலில் தோளில் தொங்க. தாஜ்மகாலுக்குள் பெரிய பை விட மாட்டார்கள், காசி விசுவநாதர் கோயிலுக்குள் பையும் போனும் போகாது, லாக்கரில் வைக்க வேண்டும், அங்கெல்லாம் கையில் இருப்பது எவ்வளவு குறைச்சலோ அவ்வளவு நிம்மதி. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன், ஒரு குடும்பம் கேட்டில் வந்துதான் தெரிந்துகொண்டது.

அடுக்கும்போது கனமானவை முதுகை ஒட்டி, நடுவில். அடியில் ராத்திரித் துணி, மேலே தெர்மல். பவர் பேங்கைக் கையெட்டும் பாக்கெட்டில் வையுங்கள், அது செக்-இன் சாமானில் போகக் கூடாது. விமானத்தில் இடமில்லை என்று வாசலில் உங்கள் பையை வாங்கிக் கீழே அனுப்பச் சொன்னால், பவர் பேங்க், மாத்திரை, பணம் மூன்றையும் மஞ்சப்பைக்கு மாற்றிக்கொண்டு பையைக் கொடுங்கள்.

துவைப்பது

இதைச் செய்ய மாட்டேன் என்றால் மேலே சொன்னது எதுவும் உங்களுக்கு உதவாது, 10 சட்டையோடு பெட்டியே எடுத்துப் போங்கள். தினமும் குளிக்கும்போது பத்து நிமிஷம். துணி சோப்பில் பாதியை வெட்டி ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளாடை, சாக்ஸ், பனியன், அன்று வேர்த்திருந்தால் ஒரு டி-ஷர்ட். இரண்டு தடவை நன்றாக அலசுங்கள், சோப்பு தங்கினால் காய்ந்ததும் மொடமொடவென்று இருக்கும், அரிக்கும்.

காய வைப்பதில் ஒரே வித்தைதான். பிழிந்த டி-ஷர்ட்டை ஓட்டலில் கொடுத்த டர்க்கி டவலில் விரித்து, டவலோடு சேர்த்துச் சுருட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதியுங்கள். முறுக்கிப் பிழிவதில் வராத தண்ணீர் அத்தனையும் டவலுக்குப் போய்விடும், துணியும் இழுபடாது. காயும் நேரம் பாதியாகக் குறையும், நான் மணி பார்த்திருக்கிறேன். குளியலறைக்குள் தொங்கவிடாதீர்கள், அங்கே ஈரம் வெளியே போக வழியில்லை. மூன்று மீட்டர் நைலான் கயிறும் நாலு கிளிப்பும் எடுத்துப்போய் ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் நடுவில் கட்டி, ஃபேனைக் குறைவாகச் சுழலவிடுங்கள். ஏசி அறை என்றால் இன்னும் நல்லது, ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துவிடும். டெல்லியில் அறைக்கு ஹீட்டர் கொடுப்பார்கள், அதன் மேலோ பக்கத்திலோ துணி போடுகிற வேலை மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும். காலையில் லேசாக ஈரம் மிச்சம் இருந்தால் உடம்பில் போட்டுக்கொண்டால் அரை மணியில் காய்ந்துவிடும் என்று நம் ஊரில் சொல்வார்கள். மே மாதத்தில் சரி, காசிப் பனியில் அதைச் செய்து நான் இருமிக்கொண்டு திரிந்தேன்.

இஸ்திரிக்கு: பேன்டை லேசான ஈரத்தோடு மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துப் படுங்கள், தாத்தா பாய்க்கு அடியில் வேட்டியை வைத்துப் படுத்த மாதிரி. காலருக்கு, தட்டையான அடியுள்ள ஸ்டீல் டம்ளரில் கொதிக்கிற தண்ணீரைப் பாதி ஊற்றி, துணியால் பிடித்துக்கொண்டு தேய்த்தால் வேலை முடிந்தது. செம்பில் கங்கு போட்டுத் தேய்த்த வம்சம்தானே நாம்.

திரும்பி வரும்போது

ஒரு கிலோவுக்கு மேல் இடம் விட்டது இதற்குத்தான். காசிக்குப் போய் பனாரஸ் சேலை வாங்காமல் வர முடியாது, ஒன்று வாங்கப் போய் மூன்று வாங்குவார்கள், அப்புறம் கங்கைச் சொம்பு, ஆக்ராவில் பேட்டா என்கிற பூசணிக்காய் மிட்டாய், அது ஒரு டப்பா அரைக் கிலோ. போகும்போது அந்த இடத்தில் அம்மாவின் முறுக்கும் இட்லிப் பொடியும் இருந்தன, அவை வழியிலேயே தீர்ந்துவிடும். சாப்பாட்டுச் சாமானை எடுத்துப் போகலாமா என்று கேட்டால் இதுதான் என் பதில்: தீர்ந்துபோகும் எடை நல்ல எடை.

எடையைக் குறைக்கக் காசியில் பழைய துணியைக் கங்கையில் விட்டுவிட்டு வரும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, புண்ணியமும் ஆச்சு, பையும் லேசாச்சு என்று. செய்யாதீர்கள், படித்துறை ஓரத்தில் அந்தத் துணிகள் கூழாகிக் கிடப்பதைப் பார்த்தால் உங்களுக்கே மனசு வராது.

கடைசி நாள் துவைக்க வேண்டாம், ஈரத்துணி எடை காட்டும், பைக்குள் நாறும். தப்பித் தவறி ஈரமாக ஏதாவது இருந்தால் பாலிதீன் கவரில் கட்டி வெளிப் பாக்கெட்டில் வையுங்கள், பட்டோடு சேர்க்காதீர்கள். அறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே எடை பாருங்கள், கவுன்டரில் போய் அல்ல. எங்களுக்கு மனைவியின் பை 7 கிலோ 200 காட்டியது. அம்மாவின் ஸ்வெட்டரை எடுத்து அவர் குர்த்திக்கு மேல் போட்டுக்கொண்டார், சரியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது நான் தொடாமலேயே திரும்பிய துணி இரண்டு: காலர் டி-ஷர்ட், ஒரு ஜோடி சாக்ஸ். போனில் குறித்து வைத்திருக்கிறேன், அடுத்த தடவை அவை வரப் போவதில்லை. அம்மா ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.